காரியப் பத்திரிகையில் 'காதல் மனைவி' என்று போடலாமா?

கேள்வி: லாங் பஜார் அச்சகம்

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருபத்திரண்டு வருடமாக டிடிபி, கல்யாணக் கார்டு, பில் புக், ஃப்ளெக்ஸ் என்று கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். படிப்பு பன்னிரண்டாவதோடு சரி. ஆனால் 'அன்பு' என்ற சொல்லை என் அளவுக்கு டைப் அடித்தவர்கள் இந்தப் பக்கத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். "அன்புடையீர், வணக்கம்" இல்லாமல் என் கடையிலிருந்து ஒரு கார்டு வெளியே போனதில்லை. பெற்றோர் என்றால் 'அன்புடன் அழைக்கும்', தாய்மாமன் என்றால் 'பாசமுடன்', கூடப் படித்த பையன்கள் என்றால் 'நேசமுடன்'. வட்டச் செயலாளர் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் என்றால் 'பாசமிகு அண்ணன்'. எந்தச் சொல் யாருக்கு என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. பழைய ஃபைலைத் திறப்போம், பெயரை மாற்றுவோம், அவ்வளவுதான்.

இப்போது ஆடி மாதம், கல்யாண வேலை கிடையாது. சாவுக் கார்டுக்கு ஆடி, ஆவணி என்று இல்லை. போன புதன்கிழமை காட்பாடி பக்கத்திலிருந்து ஒரு தமிழ் ஐயா வந்தார். ரிடையர்டு ஆசிரியர், வயது 74. மனைவி தவறி அன்றைக்கு ஐந்தாம் நாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு 300 கார்டு வேண்டும் என்றார். மேட்டரைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார். அந்தக் கையெழுத்துக்கு ஃபாண்ட் எதற்கு, அப்படியே ஸ்கேன் செய்து அடித்துவிடலாம்.

முதல் வரியே இப்படி: "என் காதல் மனைவியும், எங்கள் குடும்பத்தின் விளக்கும் ஆகிய..."

நான் டைப் அடித்து ப்ரூப் எடுத்துக் கொடுத்தேன். அவர் வீட்டுக்கு எடுத்துப் போனார். சாயங்காலம் பெரிய மகன் போன் செய்தார். "அண்ணா, அதை அன்பு மனைவி என்று மாற்றிடுங்க." ஏன் என்று கேட்டேன். அவர் பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். தாத்தா 'காதல் மனைவி' என்று போட்டால், அந்தக் குடும்பத்தில் காதல் கல்யாணம் நடந்திருக்கிறது என்று சம்பந்தி வீட்டார் விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்களாம். "அம்மா அப்பாவுக்குச் சொந்த அத்தை மகள். பெரியவங்க பார்த்துச் செய்த கல்யாணம். இந்த வயசில் போய் காதல் கீதல்னு... ஊர் சிரிக்கும் அண்ணா."

அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. மறுநாள் ஐயாவிடம் சொன்னேன். "மாற்றிடலாமா ஐயா?" அவர் பதில் சொல்லவில்லை. ப்ரூப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு இது மனசை அறுக்கிறது, காரணம் உண்டு. பதினான்கு வருடத்துக்கு முன் அவருடைய மணிவிழாக் கார்டும் என் கடையில்தான் அடித்தது. அந்த அம்மா வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், மடியில் மார்க்கெட் பை. இவர் உள்ளே சிவப்புப் பேனாவோடு ப்ரூப் திருத்துகிறார். மூன்றாவது ப்ரூப்புக்கு அந்த அம்மா வெளியிலிருந்து குரல் கொடுத்தார்: "இவர் ஒற்று பார்த்து முடிக்கறதுக்குள்ள அறுபது போயி எழுபது வந்துடும்பா." ஐயா தலையைத் தூக்காமலேயே சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு எந்தச் சொல்லைப் போடுவது?

செவ்வாய்க்கிழமைக்குள் அடித்தாக வேண்டும். என் கேள்வி இதுதான். காதல், அன்பு, பாசம், நேசம் எல்லாம் ஒன்றுதானா, வேறு வேறா? ஐயா எழுதியது தப்பா?

பதில்: காட்பாடி ஆய்வு மாணவி

அண்ணா, ஐயா எழுதியதில் தப்பே இல்லை. முன்பு பெரிய வீட்டில் குடியிருந்த சொல்லை நாம்தான் ஒற்றை அறைக்குள் தள்ளிவிட்டோம்.

கம்பராமாயணத்தில் 'காதலன்' என்று வந்தால் பல இடங்களில் மகன் என்றுதான் பொருள். முதல் தடவை படிப்பவர்கள் திடுக்கிடுவார்கள், நானும் திடுக்கிட்டேன். சம்பந்தர் "காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி" என்று பாடியது சிவபெருமானை நினைத்து. அந்தப் பதிகத்தை வீட்டில் தினமும் பாடுகிறவர்கள்கூட, 'காதல்' என்று பிள்ளைகள் சொன்னால் முறைக்கிறார்கள்.

குறள் உரையில் இன்னும் அழகான ஒன்று இருக்கிறது. 'அன்புடைமை' அதிகாரத்துக்கு விளக்கம் சொல்ல வருகிற பரிமேலழகர், மனைவி மக்கள் முதலான தொடர்புடையவர்களிடம் காதல் உடையவனாதல் என்கிறார். அதாவது அன்புக்குப் பொருள் சொல்ல அவருக்குக் கிடைத்த சொல்லே காதல்தான்! 'அருளுடைமை' வரும்போது, தொடர்பு பார்க்காமல் எல்லா உயிர்கள் மேலும் இயல்பாகச் செல்லும் கருணை என்கிறார். நமக்கு வேண்டியவர் மேல் போவது அன்பு, வேண்டியவர் வேண்டாதவர் என்று பார்க்காமல் போவது அருள். இரண்டுக்கும் என்ன உறவு என்று வள்ளுவரே 757-ஆம் குறளில் சொல்லிவிட்டார்: "அருளென்னும் அன்பீன் குழவி". அன்பு பெற்ற பிள்ளை அருள். அதை வளர்க்கும் செவிலித்தாய் யார் தெரியுமா? பணம்! அந்தக் குறள் வருவதே பொருள் செயல்வகை அதிகாரத்தில்தான்.

'காமம்' என்ற சொல்லின் கதை இன்னும் மோசம். அதே வள்ளுவர் அறத்துப்பாலில், காமம் வெகுளி மயக்கம் மூன்றின் பெயரே இல்லாமல் போனால்தான் நோய் தீரும் என்கிறார் (360). மூன்றாம் பாலில் "மலரினும் மெல்லிது காமம்" (1289). ஒரே ஆள், ஒரே நூல். ஒரு பக்கம் வேரோடு பிடுங்க வேண்டிய களை, இன்னொரு பக்கம் தொட்டால் வாடுகிற பூ. இன்றைக்கு நாம் முதல் அர்த்தத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

கடைசியாக ஒன்று. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில், நிலத்தைவிடப் பெரியது, வானத்தைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது என்று தலைவி சொல்கிறாளே, அவள் அங்கே காதல் என்றோ காமம் என்றோ சொல்லவில்லை. "நாடனொடு நட்பே" என்கிறாள். வள்ளுவரும் காதற்சிறப்புரைத்தல் அதிகாரத்தில், உடம்புக்கும் உயிருக்கும் உள்ள உறவு எப்படியோ அப்படித்தான் எனக்கும் இவளுக்கும் உள்ள நட்பு என்று தலைவனைச் சொல்ல வைக்கிறார். காதலின் சிறப்பைச் சொல்லும் இடத்தில் வந்து நிற்கும் சொல் நட்பு.

மகன்களுக்குக் 'காதல்' பிடிக்கவில்லை என்றால், ஐயாவிடம் 'நட்பு' என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொண்டாலும் கொள்வார்.

லாங் பஜார் அச்சகம்

தங்கச்சி, இவ்வளவு எழுதியதற்கு நன்றி. சாவுக் கார்டில் 'நட்பு மனைவி' என்று அடித்தால் என்னைக் கோட்டை அகழியில் தள்ளிவிடுவார்கள். ஒரு சின்ன சந்தேகம். 'காதற்சிறப்பு' என்று ற் போட்டிருக்கிறாயே, டைப்பிங் மிஸ்டேக்கா? தொழில் புத்தி, கண் அங்கேதான் போகிறது.

காட்பாடி ஆய்வு மாணவி

மிஸ்டேக் இல்லை அண்ணா, புணர்ச்சி விதி. அந்த இடத்தில் ல் போய் ற் வரும். அதிகாரத்தின் பெயரே அப்படித்தான்.

பதில்: குடியாத்தம் தறிக்காரன்

யோவ் அச்சகம், கார்டுக்குக் காசு யார் தர்றாங்க? அவங்க சொல்றதைப் போடு. ஐயா தந்தா ஐயா சொல்றது, மகன் தந்தா மகன் சொல்றது. இதுக்கு எதுக்கு இவ்வளவு பேர் கூடணும்?

சரி, கூடிட்டோம். அப்போ நானும் ஒன்று சொல்கிறேன். நீ எல்லாச் சாவுக் கார்டிலும் 'பாசமிகு தாயார்' என்று போடுகிறாயே, பாசம் என்றால் என்ன தெரியுமா? கயிறு. எமன் கையில் சுருட்டி வைத்திருக்கிறானே, அதே பாசக்கயிறு. சைவத்தில் பதி, பசு, பாசம் என்பார்கள். பசுவாகிய உயிரைக் கட்டிப் போட்டிருக்கும் தளை பாசம். அது அறுந்தால்தான் கடைத்தேற்றம். எங்கள் தாத்தா தேவாரம் ஓதுகிறவர். யாராவது 'பாசம் பாசம்' என்று உருகினால், "அறுக்கச் சொன்னதைப் பின்னிக்கிட்டு இருக்கானுங்க" என்பார். போன உயிருக்குக் கார்டு அடிக்கும்போது அதன் கழுத்தில் திரும்பவும் கயிற்றை மாட்டுகிறாய் நீ.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் பிரசங்கம் சொல்கிறவர் ஒரு கட்டத்தில் நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார். துரியோதனன் வருகிறான். அவன் பெண்டாட்டியும் கர்ணனும் தனியாக இருக்கிறார்கள், மேகலை அறுந்து மணி சிதறிக் கிடக்கிறது. அவன் கேட்டது வில்லிபாரதத்தில் இருக்கிறது: "எடுக்கவோ கோக்கவோ". பொறுக்கித் தரட்டுமா, கோத்துத் தரட்டுமா? இதற்கு என்ன பேர் வைப்பாய்? அன்பா, நட்பா, காதலா? பெண்டாட்டி மேலும் இருந்தது, சிநேகிதன் மேலும் இருந்தது. ஊரே கெட்டவன் என்று சொல்கிறவனிடம் இருந்தது அது. கேட்ட சொல் இரண்டே இரண்டு, அதில் ஒன்றிலும் அன்பு இல்லை, காதல் இல்லை.

பதில்: இரவுப் பணி

சகோதரரே, நான் வேலூரில் நர்ஸ். இரவுப் பணி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேசம், அன்பு இரண்டும் ஒன்றா என்று கேட்டீர்கள். எங்கள் தமிழ் வேதாகமத்தில் அந்த வேறுபாட்டின் மேல் ஒரு முழுக் காட்சியே நிற்கிறது. யோவான் 21-ஆம் அதிகாரம். பேதுரு மூன்று தரம் இயேசுவைத் தெரியாது என்று சொன்னவர். உயிர்த்தெழுந்த பிறகு இயேசு அவரிடம் மூன்று தரம் கேட்கிறார். முதல் தரம், "நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?" பேதுருவின் பதில், "உம்மை நேசிக்கிறேன்." இரண்டாம் தரமும் அப்படியே. அவர் 'அன்பு' என்று கேட்கிறார், இவர் 'நேசம்' என்று பதில் சொல்கிறார். மூன்றாம் தரம் இயேசுவே இறங்கி வந்து, "நீ என்னை நேசிக்கிறாயா?" என்று கேட்கிறார். பேதுரு துக்கப்பட்டார் என்று எழுதியிருக்கிறது. கிரேக்க மூலத்தில் அகாபே, ஃபிலியா என்ற இரண்டு சொற்களின் வேர்கள் அங்கே மாறி மாறி வருகின்றன. 1611-ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் மூன்று இடத்திலும் ஒரே சொல்தான். நம் தமிழில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ஞாயிறு பள்ளியில் இதைச் சொல்லித் தந்த அக்காவை இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

அதனால் என் கணக்கில் அன்பு பெரியது, கேட்கப்படுவது. நேசம் மனிதனால் கொடுக்க முடிந்தது.

மேலே தங்கை சொன்ன அன்பு, அருள் விஷயத்துக்கு இந்த மண்ணிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாக இருந்தபோது நடந்தது. அப்போது அவர் திண்டிவனத்தில் இருந்தார். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிக்கு உதவ வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர் என்றார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அவர் போய் மருத்துவம் படித்து வந்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஒரு சின்ன மருத்துவமனையை ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார்.

நான் யோசிப்பது அந்த மூன்று ஆண்களைப் பற்றி. ராத்திரியில் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்களுக்கு மனைவி மேல் அன்பு இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? ஆனாலும் அந்த அன்பு ஒரு வாசற்படியைத் தாண்டவில்லை. தாண்டியது, அந்தப் பெண்களின் முகத்தைக்கூடப் பார்க்காத ஒருத்தியின் மனசில்.

கார்டுக்கு வருகிறேன். உன்னதப்பாட்டில் "நேசம் மரணத்தைப்போல் வலிது" என்று ஒரு வரி இருக்கிறது. ஐயா வேறு சமயத்தார் என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். என் ஸ்டாப் வந்துவிட்டது.

பதில்: ஆம்பூரான்

எங்கள் ஜனங்களில் மௌத்து அறிவிப்புக்கு அடைமொழியே கிடையாது பாய். இன்னாருடைய மனைவி, ஜனாஸா எத்தனை மணிக்கு, எந்தப் பள்ளி, முடிந்தது. உங்களுக்கு டைப் அடிக்கிற வேலையும் மிச்சம்.

ஆனால் உயிரோடு இருக்கும்போது உருதுவில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. முஹப்பத், பியார், உல்ஃபத், இஷ்க். என் அம்மா இதில் ஒன்றையும் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. 'ஜான்' என்பார். உயிர் என்று அர்த்தம். பக்கத்து வீட்டு அம்மா தன் மகனை "எங்க உசுரு" என்பார். சுவருக்கு இந்தப் பக்கம் ஜான், அந்தப் பக்கம் உசுரு.

இஷ்க் என்ற சொல்லுக்குச் சூஃபிகள் ஒரு விளக்கம் சொல்வது வழக்கம். மரத்தைச் சுற்றிப் படரும் ஒரு கொடியின் பெயரிலிருந்து வந்ததாம். படர்ந்து படர்ந்து கடைசியில் மரம் வாடிப்போகும், கொடி மட்டும் பச்சையாக நிற்கும். ஆளைத் தின்றுவிட்டு மிச்சமிருப்பதுதான் இஷ்க். மனிதர் மேல் வைப்பது மஜாஸி, படைத்தவன் மேல் வைப்பது ஹகீகி என்று இரண்டாகப் பிரிப்பார்கள். முதலாவது இரண்டாவதற்குப் பாலம் என்பார்கள். தமிழிலேயே குணங்குடி மஸ்தான் சாகிபு இறைவனை மனோன்மணி என்று பெண்ணாக்கி ஏங்கியிருக்கிறார். பாட்டைக் கேட்கிறவர்களுக்கு இது எந்தக் காதல் என்று பிரிக்கவே முடியாது. பிரிக்காமல் விட்டதுதான் அவர் செய்த வேலை.

48 வருடமோ 50 வருடமோ கூட வாழ்ந்த மனுஷனுக்கு அந்தக் கொடி எது, மரம் எது என்று தெரியும். மகனுக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

பதில்: வள்ளிமலை அக்கா

தம்பி, நான் கிளை நூலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வள்ளிமலை அடிவாரத்தில் இருக்கிறேன். தினைப்புனம் காத்த வள்ளியைத் தேடி முருகன் வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் வந்த கதை எங்கள் மலையில் நடந்தது என்பது எங்கள் வழக்கு. மாசித் தேருக்கு வந்து பாருங்கள், பெண்ணுக்கு வரன் பேசும் அத்தனை பெற்றோரும் வரிசையில் நிற்பார்கள். பெற்றவரைக் கேட்காமல் காதலித்தவளிடம், எங்கள் பெண்ணுக்கு நல்ல இடமாகப் பார்த்துக் கொடு என்று வேண்டிக்கொள்கிறார்கள். வள்ளி சிரிக்காமல் நிற்கிறாளே, அதுவே பெரிய அருள்.

பெரிய மகனிடம் இதைச் சொல்லுங்கள். பழைய இலக்கணத்தில் களவு என்றும் கற்பு என்றும் இரண்டு பகுதி உண்டு. கல்யாணத்துக்கு முன் களவு, பின் கற்பு. காதல் இரண்டுக்கும் பொது. கல்யாணம் ஆனதும் காதல் கணக்கு முடிந்துவிட்டது என்று எந்தப் புலவரும் எழுதவில்லை.

குறுந்தொகையில் 167-ஆவது பாட்டு இருக்கிறது. கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் வைத்த பெண். கட்டித் தயிரைப் பிசைந்த விரலைப் புடவையிலேயே துடைத்துக்கொள்கிறாள், அதைத் துவைக்கவும் இல்லை. தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. புளிக்குழம்பு வைக்கிறாள். அவன் "இனிது" என்று சொல்லிச் சாப்பிடுகிறான். அவள் முகம் "நுண்ணிதின் மகிழ்ந்தன்று". கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மலர்ந்ததாம். பாட்டு அவ்வளவுதான். அதில் காதல் என்ற சொல் இல்லை, அன்பு என்ற சொல் இல்லை. தாளிப்பு வாசனை இருக்கிறது.

கிரேக்கத்துப் பிளேட்டோ எழுதிய விருந்து உரையாடலில் ஒரு நகைச்சுவைக்காரர் பேசுவார். ஆதியில் மனிதர் இரட்டை உடம்பாக இருந்தார்களாம். சீயஸ் கடவுள் இரண்டாக வெட்டிவிட்டாராம். வெட்டுப்பட்ட பாதி மற்றப் பாதியைத் தேடி அலைவதுதான் காதலாம். படித்ததும் எனக்குத் திருவண்ணாமலைதான் ஞாபகம் வந்தது. 1989 வரை நம் வட ஆற்காடு மாவட்டத்து ஊர்தானே அது! கார்த்திகை தீபத்தன்று மலையில் ஜோதி ஏற்றும் நேரத்தில் அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடம் மட்டும் வெளியே வந்து காட்சி தருவார். அங்கே யாரும் யாரையும் வெட்டவில்லை. அம்பாள் தவமிருந்து இடப்பாகத்தை வாங்கினாள். தொலைத்ததைத் தேடி எடுப்பது ஒன்று, இல்லாததைத் தவமிருந்து பெறுவது வேறொன்று. அத்தை மகளைக் கட்டிக்கொண்டு ஐம்பது வருடம் வாழ்கிறவர்கள் இரண்டாவது ரகம் என்பது என் கட்சி. பொருத்தம் பார்த்துக் கொடுத்தார்கள், பாகம் அவர்களே சம்பாதித்தது.

ஐயா எழுதியபடியே போடுங்கள். வரன் போனால் போகட்டும். ஒரு சொல்லுக்காக ஓடுகிற சம்பந்தி எதற்கு?

லாங் பஜார் அச்சகம்

எல்லோருக்கும் தாமதமாகப் பதில் எழுதுகிறேன். கார்டு போய்விட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் ஐயா தனியாக வந்தார். அதற்குள் நான் உங்கள் பதில்களை எல்லாம் ஏ4-ல் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன், ஏழு பக்கம். கோபித்துக்கொள்வாரோ என்று பயம்தான். டியூப்லைட்டுக்குக் கீழே நின்றபடியே படித்தார். உட்காருங்கள் ஐயா என்று வாசல் ஸ்டூலைக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார்.

படிக்கப் படிக்கச் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனா வெளியே வந்தது. என்னுடைய கேள்வியில் மட்டும் நான்கு சுழி. குடியாத்தம் நண்பரே, உங்கள் பாசக்கயிற்றுப் பக்கத்தில் ஒரு டிக். நர்ஸ் அம்மா எழுதிய மூன்று பெண்கள் பகுதியை இரண்டு தரம் படித்தார். அக்கா, உங்கள் தயிர் பாட்டுக்கு வந்ததும் நிறுத்தி, "வெண்ணெய் எடுத்த தயிரில் புளிக்குழம்பு வைப்பாள்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் ப்ரூப்பை எடுத்தார். பெரிய மகன் கேட்டபடி 'அன்பு மனைவி' என்று மாற்றி ஒன்று, பழையபடி ஒன்று, இரண்டும் தயாராக வைத்திருந்தேன். 'அன்பு' ப்ரூப்பைத் தள்ளி வைத்தார். 'காதல் மனைவி' ப்ரூப்பை எடுத்து, ல் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ன் எழுதினார். இடைவெளியையும் மூடச் சொல்லி வளைகோடு போட்டார்.

காதன்மனைவி.

"ஐயா, இது...?"

"லகரத்துக்குப் பின்னால் மகரம் வந்தால் னகரமாகும். நன்னூல். குறளிலேயே காதன்மை என்று வந்திருக்கிறது, போய்ப் பார்." அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எல்லோருக்கும் புரியட்டும் என்று பிரித்து எழுதினேன். புரிந்ததால்தான் வம்பு. சேர்த்துப் போடு."

ப்ரூப்பில் கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தார். அன்று ராத்திரியே 300 அடித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கார்டு வாங்க வந்தது சின்ன மகன். ஒன்றைப் பிரித்துப் படித்துப் பார்த்தார். கட்டை விரலை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அண்ணா, காதன்னா என்ன? அம்மாவோட ஊர் பேரா?"

"ஐயா போட்ட ஒற்று தம்பி. அவரையே கேளுங்க," என்றேன்.

கேட்டாரா என்று தெரியாது. பாக்கி 400 ரூபாயைக் கொடுத்துவிட்டு, கார்டுகளை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.